டைண்வெ பேசிய மகாராணி

உலகத்தில் எத்தனையோ மகாராணிகள் எத்தனையோ கிரீடங்களைச் சூடியிருக்கிறார்கள். இட்லித் தட்டைச் சூடியவர், எனக்குத் தெரிந்து, எங்கள் டீச்சர் ஒருவர்தான். அலுமினியத் தட்டு. அதன் குழி ஒவ்வொன்றிலும் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குட்டி பல்பு. மேலே வெள்ளி பெயிண்ட், தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்ட ஒரு கறுப்பு ரிப்பன். சுற்றுவட்டத்துக் கோள்களையெல்லாம் கட்டியாண்ட பேரரசியின் மணிமுடி அது. திண்டுக்கல்லுக்கு வடக்கே எரியோட்டுப் பக்கம் பொட்டல் வெயிலில் செத்த நேரம் நின்றால் போதும், தட்டு கொதித்துவிடும். "ஏலே, உள்ள வெந்துருச்சு, எறக்குங்கப்பா!" என்று டீச்சர் சத்தம் போடுவார். ஓடிப்போய் இறக்குவேன். அடுத்த ஷாட்டுக்கு மறுபடி அடுப்பேற்றுவோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த கதை இது. அப்போது திண்டுக்கல்லில் நான் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பொண்ணு மாப்பிள்ளையை ரோஜாப்பூவுக்குள் சுழலவிடுவதுதான் நான் அறிந்த விஞ்ஞானம். சென்னையில் பல வருடம் உதவி இயக்குநராக அலைந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஒருவர் என் கடைக்கு வந்தார். அவரை டைரக்டர் என்றே சொல்லிவிடுகிறேன், இன்றைக்கும் அவருக்கு அதுதான் பெயர். தனியார் சேனல் ஒன்று ஞாயிற்றுக்கிழமைக் காலை நேரத்துக்கு ஒரு விண்வெளித் தொடர் கேட்கிறது என்றார். "வேற கிரகத்துக்கு எங்க போக?" என்று கேட்டேன். "எரியோட்டைத் தாண்டுனா வேற கிரகந்தான்யா. செம்மண்ணு, பாறை, ஒத்த மரம் கெடையாது. செட்டு செலவே இல்ல" என்றார். கேமராவை வேறு ஆள் பார்த்துக்கொண்டார். எனக்குக் கொடுத்தது பிராம்ப்டர் வேலை. கேமராவுக்குப் பக்கத்தில் பதுங்கிக்கொண்டு, வசனத்தை வரிவரியாக நடிகர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் சொல்ல, அவர்கள் சொல்ல வேண்டும். பிராம்ப்டரின் வாய் நின்றால் நடிப்பு நின்றுபோகும். அந்தப் பதற்றமே எனக்குப் பரம்பரை வியாதிபோல வந்து ஒட்டிக்கொண்டது. பதற்றம் வந்தால் எனக்கு விக்கல் வரும். என் கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட விக்கிக்கொண்டேதான் கட்டினேன். முடிச்சு மூன்றுதான், விக்கலுக்குக் கணக்கில்லை.

டீச்சர் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. ஆசிரியர்களாகவே நிறைந்த கத்தோலிக்கக் குடும்பம். அப்பா வாத்தியார், அண்ணன் வாத்தியார், வீட்டுக்காரரும் கணக்கு வாத்தியார். தபசு காலத்தில் மைதானத்தில் மேடை போட்டு இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பார்களே, பாஸ்கா, அதில் அவர் வருடா வருடம், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவின் மனைவி. மொத்தமே ஒரு வசனம்தான், 'அந்த நீதிமானின் காரியத்தில் தலையிடாதீர்' என்பதுபோல. ஒரு வருடம் மைக் செத்துப்போயிற்று. பிலாத்து பேசியது முதல் வரிசைக்கே கேட்கவில்லை. அவர் மனைவி பேசியது கடைசி வரிசையில் வறுகடலை விற்றவருக்குக் கேட்டது. அவர் பயந்துபோய்க் கடலை அளப்பதையே நிறுத்திவிட்டாராம். அந்தக் கூட்டத்தில் நின்றிருந்த டைரக்டர் அந்த நிமிடமே முடிவு செய்தார், நம் பேரரசி இவர்தான் என்று.

முதல் பகுதியை எடுத்து சேனலுக்கு அனுப்பினோம். பார்த்துவிட்டு நிகழ்ச்சி அதிகாரி போன் செய்தார். நாங்கள் அவரைச் சேனல் சார் என்போம். முகம் பிரமாதம், நடை பிரமாதம், அந்தத் தட்டுகூடப் பிரமாதம். "ஆனா குரல்தான் சரியில்ல. அந்தம்மா வாயைத் தொறந்தா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு தெரியுது. பேரரசி 'அம்புட்டு கிரகமும் எனக்குத்தேன்'னு சொல்றாங்க. சென்னையில நல்ல டப்பிங் பொண்ணு இருக்கா, அவ பேசட்டும்" என்றார்.

டைரக்டர் இதை டீச்சரிடம் சொன்னபோது நானும் கூட இருந்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர் சிவப்புப் பேனாவை மூடினார். "மூஞ்சி என்னுது, கொரலு இன்னொருத்தியுதா? அந்தப் பொம்மலாட்டத்துக்கு நான் வரல. என் கொரலு வேணாம்னா என்னையும் விட்ருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் சந்திப்பிழையைச் சுட்டுவதுபோலத்தான் சொன்னார். பிறகு பேனாவை மறுபடி திறந்து, ஏற்கெனவே திருத்திய பேப்பரையே முதலிலிருந்து திருத்த ஆரம்பித்தார். அவருக்கு நடிப்பு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று அந்தப் பேப்பர் சொல்லிவிட்டது.

டைரக்டர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். சேனல் சாரே நேரில் வருவார். பேரரசி பூமியின் மேல் போர் அறிவிக்கும் காட்சியைக் கண்ணெதிரே எடுக்க வேண்டும். குரல் அவருக்குப் பிடித்தால் டீச்சர் குரலே இருக்கும். பிடிக்காவிட்டால் டப்பிங்தான், டீச்சரும் போய்விடுவார். அந்தக் காட்சிக்காக டைரக்டர் கரடுமுரடான செந்தமிழில் வசனம் எழுதினார். ஊர்வாடையே அதில் ஒட்டாது என்பது அவருடைய நம்பிக்கை. ஷூட்டிங் அன்று காலையில்தான் எழுதி முடித்தார். டீச்சருக்கு மனப்பாடம் செய்ய நேரமில்லை. எல்லாம் என் கையில் இருந்த தாள்களில்தான் இருந்தது. மனிதகுல வரலாற்றில் இப்படியொரு பொறுப்பை என்னை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும்கூட.

சேனல் சார் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீச்சர் பாறைமேல் ஏறி நின்றார். பல்புகள் எரிந்தன. அந்தப் பக்கத்துச் சாலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி ஒன்று, வேடிக்கை பார்க்க நின்றது. டைரக்டர் "ஆக்‌ஷன்!" என்றார். நான் முதல் வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன். எங்கிருந்தோ ஒரு சுழல்காற்று. என் கையிலிருந்த தாள்கள் எல்லாம் கொக்குக் கூட்டம்போல எழும்பி வேடசந்தூர் திசைக்குப் பறந்தன.

இந்த இடத்தில் ஒரு தைரியசாலி "கட், மன்னிக்கணும்" என்று சொல்லியிருப்பான். நான் பயந்தவன், பயந்தவனுக்கு அவ்வளவு துணிச்சல் ஏது? டீச்சரின் கண் என்மேல். சேனல் சாரின் கண் டீச்சர்மேல். மண்டைக்குள் துடைத்துவிட்ட கரும்பலகை. வாய் மட்டும், 'நிக்காதே, நிக்காதே' என்று துடிக்கிறது. கண்ணுக்கு நேரே அந்த லாரி. அதில் என்ன தெரிந்ததோ அதை வாய் சொல்லிவிட்டது.

"தக்காளி!" என்றேன். கூடவே ஒரு விக்கல்.

டீச்சரின் புருவம் ஏறியது. பேரரசி பூமியைப் பார்த்து 'தக்காளி' என்று சொன்னால் என்ன ஆகும்? எனக்கே தெரிந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. "வெண்டை… ஹிக்… பூசணி… புடலை… கத்தரி!"

அப்போது டீச்சர் செய்ததை இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது. கையை உயர்த்தினார். பாஸ்கா மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கேட்ட அந்தக் குரலில் முழங்கினார்:

"ளிகாக்த! ஹிக்! டைண்வெ! ணிசபூ… லைடபு… ரிதத்க!"

ஒவ்வொரு காயையும் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குத் திருப்பிப்போட்டுவிட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் விக்கலையும் விடவில்லை. அதை அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமலாக எடுத்தார். விக்கல் என்றால் அந்தக் கிரகத்து மொழியில் 'அழித்துவிடுவேன்' என்று பொருள்போல இருந்தது. எனக்கு உற்சாகம் வந்து லாரியில் வலைச்சாக்குக்குள் தெரிந்ததையும் எடுத்துக் கொடுத்தேன். "முட்டைக்கோஸ்!" டீச்சர் பூமியை நோக்கி விரலை நீட்டினார். "ஸ்கோக்டைட்மு!" ஏவுகணை புறப்பட்ட மாதிரி இருந்தது. லாரியின் மேல் உட்கார்ந்திருந்தவர் பயந்துபோய்க் கும்பிட்டுவிட்டார்.

"கட்" என்று சொல்லவே டைரக்டர் மறந்துவிட்டார். சேனல் சார் எழுந்து வந்தார். நான் அதற்குள் பாறைக்குப் பின்னால் போய்விட்டேன், ஆனால் விக்கல் சத்தம் என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.

"இது என்ன பாஷை?" என்றார் அவர்.

டைரக்டர் அசரவில்லை. "அந்தக் கிரகத்துக்குன்னே ஆராய்ச்சி பண்ணி உருவாக்குன பாஷை சார்."

"நல்லாருக்கே! இதை எழுதி அனுப்புங்க, டப்பிங் பொண்ணு பேசட்டும்."

"எழுதலாம் சார், பேச முடியாது. நீங்க ஒருதரம் சொல்லிப் பாருங்க, ரிதத்க."

சேனல் சார் முயன்றார். நாக்கு எங்கோ மாட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றார். கடைசியில், "சரி, ராணி இந்தப் பாஷையிலேயே பேசட்டும். கீழே தமிழ்ல எழுத்து ஓடட்டும். குரல் இதே குரல்" என்றார். டீச்சர் தட்டைக் கழற்றாமலே ஒரு பெரிய சிரிப்புச் சிரித்தார்.

திரும்பி வருகிற வேனில் கேட்டேன். "எப்படி டீச்சர், அந்த நேரத்துல அது வந்துச்சு?"

"ஏலே, தமிழ்ல ள, ண, ட, ல, ர எல்லாம் சொல்லுக்கு மொதல்ல வராதுன்னு எத்தன பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கேன்! மொதல்ல வராதே தவிர, நம்ம சொல்லு முடியறதெல்லாம் அதுலதான். அப்ப திருப்பிப் போட்டா? நம்ம பாஷை முடியிற எடத்துல அவுக பாஷை ஆரம்பிக்கும். கிரகம் மாறிரும்ல, அப்பு?"

தொடர் ஒளிபரப்பானது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஜெபமாலைத் தெருவோ மார்க்கெட் தெருவோ, எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே முழக்கம். திரையின் கீழே ஓடுகிற தமிழை டீச்சரே எழுதினார். மேலே 'லைடபு' என்றால் கீழே 'மானிடப் பதரே, மண்டியிடு' என்று ஓடும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் உடைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், எங்க வீட்ல இன்னிக்கு டைண்வெ பொரியல்" என்றாளாம். தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நான் பள்ளிக்கூட வாசலில் விக்கிக்கொண்டு நின்றேன். உள்ளே சிஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வெண்டைக்காய்தானே டீச்சர்?" ஆமாம் என்றதும், "பொய் சொன்னாத்தான் பாவம். திருப்பிச் சொன்னா பாவமில்ல, போங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

ஆனால் சேனல் சார் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த மாதமே திண்டுக்கல் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். முகத்தில் ரயில் தூசியைவிட அதிகமாகக் கோபம் அப்பியிருந்தது. "சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து என் பையன் சொல்றான், அப்பா, ராணி திட்டுனதைத்தான் அம்மா குழம்பு வச்சிருக்காங்கன்னு. ஆராய்ச்சின்னு சொல்லி என்னைக் கேலிப்பொருளாக்கிட்டீங்க. நாளைக்கு வெளிய தெரிஞ்சா சேனல் மானம் போகும். இனிமே ராணி ஒழுங்கான தமிழ்தான் பேசணும், அதை டப்பிங் பொண்ணுதான் பேசணும்."

டைரக்டர் அடுத்த பொய்யைத் தேடித் தலையைச் சொறிந்தார். டீச்சர் மட்டும் நிதானமாக, "சார், முடிவெடுக்கிறது உங்க இஷ்டம். ஒரு எட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வரைக்கும் வந்துட்டுப் போங்க. நாளைக்குத் தெரிஞ்சா மானம் போகுமான்னு அங்க தெரியும்" என்றார்.

மார்க்கெட் காலை நெரிசலில் இருந்தது. கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசையாக நிற்க, சுமைதூக்குகிறவர்கள் மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார். தட்டு இல்லை, பல்பு இல்லை. ஆனாலும் யாரோ பார்த்துவிட்டார்கள். "ராணியம்மா வந்துட்டாங்கடோய்!" ஒரு மூட்டை இறங்கியது, பின்னால் பத்து மூட்டை இறங்கியது. ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்தபடி வந்து, "ஏனுங்க ராணிங்க, உங்க ணிசபூ லோடு இப்பத்தானுங்க ஏறுச்சு. ளிகாக்த மட்டும் பாக்கிங்க" என்றார். கூட்டம் சிரித்து உருண்டது. இன்னொரு கடையிலிருந்து, "கைங்ருமு ரெண்டு கட்டு இந்தப் பக்கம் போடுங்கப்பா!" என்று குரல் வந்தது. முருங்கையை அவர்களாகவே திருப்பிக்கொண்டிருக்கிறார்கள், நாங்கள் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

சேனல் சார் கூட்டத்துக்கு நடுவே போனார். "உங்களுக்கெல்லாம் இது காய்கறின்னு தெரியுமா?"

"என்னங்க சார் இப்படிக் கேக்குறீங்க, நாள் பூரா தூக்குறமுங்க, தெரியாமப் போகுங்களா? தெரிஞ்சதுனாலதானுங்க பாக்குறோம்" என்றார் துண்டுக்காரர். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "ஒண்ணே ஒண்ணுங்க. அந்த ராணி தமிழே பேச மாட்டாங்களாங்க? பொம்பளைங்க கேட்டுட்டே இருக்காங்க" என்றார்.

டீச்சர் பதில் சொல்ல ஆரம்பித்தார். ராணி பூமியைப் பிடித்தால் ஒட்டன்சத்திரத்துக்கு வரி கிடையாது என்றார். அழுகிய தக்காளியை அடியில் போட்டு நல்லதை மேலே போடுகிற ஆட்களை மட்டும் தன் கிரகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார். "அம்புட்டுப் பேரையும் ஏத்த எங்ககிட்ட லாரி பத்தாதுடா, அதான் யோசிக்கிறேன்!" லாரி ஹாரன், ஏலச் சத்தம், மூட்டை விழுகிற சத்தம், இத்தனைக்கும் மேலே அந்தக் குரல் கோடிக்கடைவரை போய்த் திரும்பி வந்தது. ஏலம் கூவுகிறவரே கூவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் டீச்சரைப் பார்க்கவில்லை. சேனல் சாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் தடவையாக அந்தக் குரலை மட்டும் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது.

டீக்கடையில் உட்கார்ந்தபோது அவர் சொன்னார். "அடுத்த வாரத்திலேர்ந்து ராணி தமிழ்ல பேசட்டும்."

டீச்சர் கிளாசைக் கீழே வைத்தார். "யாரு கொரலு சார்?"

"உங்க குரல்."

"எந்தத் தமிழு சார்?"

"இப்பப் பேசுனீங்களே, அதுல."

எனக்கு விக்கல் நின்ற நாட்களில் அது ஒன்று. டீயைக்கூடச் சிந்தாமல் குடித்தேன்.

அதற்குப் பிறகு டீச்சருக்கு வேற்றுக்கிரகமே தொழிலாகிவிட்டது. தமிழ்த் தொலைக்காட்சியில் எந்த மூலையில் விஞ்ஞானம் தலைகாட்டினாலும் கூப்பிடுவார்கள். இரும்பு மனுஷியாக வந்தார், எதிர்காலத்திலிருந்து வருகிற டாக்டராக வந்தார். ஒரு தொடரில் கண்ணாடி ஜாடிக்குள் மிதக்கிற மூளை. முகமே கிடையாது, குரல் மட்டும்தான். அந்தப் பாகம்தான் தனக்கு ரொம்பப் பிடித்தது என்பார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து சென்னை ரயில் ஏறுவார், திங்கட்கிழமைப் பிரார்த்தனை மணிக்கு வகுப்பில் நிற்பார். காது மடலுக்குப் பின்னால் சில நேரம் பச்சைச் சாயம் மிச்சமிருக்கும். வீட்டுக்காரர் ஸ்டேஷனில் சைக்கிளோடு காத்திருந்து, "எந்தக் கிரகத்திலேர்ந்து வாரீக?" என்று கேட்பார். கணக்கு வாத்தியாரின் ஒரே நகைச்சுவை அது, வருடக்கணக்கில் அதை மாற்றவே இல்லை. ரெண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் மாமியார் மருமகள் தொடர்கள் வந்து விண்வெளியை மூடிவிட்டன. டீச்சரையும் மாமியாராகப் போட்டார்கள். இவர் முறைத்த முறைப்பில் மருமகளாக நடித்த பெண் வசனத்தை மறந்து நிஜமாகவே அழுதுவிட்டாள். "குடும்பத்தை அழிக்கிறதுக்கு எனக்கு மனசு வரலப்பா. கிரகம்னா அழிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்புறம் ஓய்வு பெற்றார். மொட்டைமாடியில் சிறுமலை தெரிகிற பக்கமாக நாற்காலி போட்டு, பேரப்பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால், "ஸ்பீக்கர்ல போடுடா" என்றார். சென்னையிலிருந்து ஒரு இளைஞன். இணையத்தில் வருகிற ஒரு விண்வெளித் தொடராம். கப்பலின் கேப்டன் ஒரு பெண், திண்டுக்கல்காரியாம். "இப்பல்லாம் மண்ணோட பேச்சுதான் மேடம் வேணும்னு கேக்குறாங்க. நடிக்கிற பொண்ணு வடக்கத்திக்காரங்க. அவங்களுக்கு நீங்க டப்பிங் குடுக்கணும். உங்க குரல்தான் சரியா இருக்கும்னு தேடிப் பிடிச்சோம்" என்றான்.

எனக்கு ஒரே பெருமை. எந்தக் குரல் வேண்டாம் என்றார்களோ அதைத் தேடி வந்திருக்கிறார்கள். சம்மதித்துவிடுங்கள் என்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினேன். டீச்சர் கண்ணாடியைக் கண்டுபிடித்து, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"அப்படியா தம்பி. அந்தப் பிள்ளை மூஞ்சிக்கு என் கொரலக் குடுத்துட்டா, என் மூஞ்சிய யாருக்குக் குடுக்கப்போறீக?"

போச்சு, வந்த வாய்ப்பும் போச்சு என்று நான் தலையில் கைவைத்தேன். வழக்கமான இடத்தில் வழக்கமான விக்கல் கிளம்பியது. போனுக்குள் யார் யாரோ குசுகுசுவென்று பேசுவது கேட்டது. ஒரு பெண் குரல் சிரித்தது. பிறகு அந்த இளைஞன் தொண்டையைக் கனைத்தான்.

"மேடம்… அப்ப கேப்டனா நீங்களே நடிக்கிறீங்களா?"

டீச்சர் சட்டென்று போனை உள்ளங்கையால் பொத்தினார். கிரகங்களை மிரட்டிய அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன. அவரைப் பதற்றத்தோடு அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"ஏலே, கேட்டுட்டான்டா!" என்றார் மூச்சுக்குள். "எனக்கு ஒண்ணும் ஓடல. எடுத்துக் குடுடா."

குனிந்து, அவர் காதுப்பக்கம் போய், ரகசியமாகச் சொன்னேன். "வாரேன்."

டீச்சர் கையை எடுத்தார்.

"வாரேன்!" என்றார். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து, "வாங்க டீச்சர்" என்றாள்.